ராணுவ ரைஃபிள் மாடல் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று நம் பக்கத்தில் ராணுவ ரைஃபிள்களின் மாடல் சேர்ப்பவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி.யில் இருந்தவர்கள். சிலருக்கு வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்திருப்பார்கள், அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஆர்வம். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

சட்டம் பற்றிய பதில்களுக்கு அடிப்படை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும். உங்கள் கையில் இருக்கிற ஒரு பொருளைப் பற்றித்தான் சந்தேகம் என்றால், அதன் போட்டோவோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

மாடல் துப்பாக்கின்னா என்னங்க? பொம்மைத் துப்பாக்கிதானே?

இல்லைங்க. பொம்மை என்பது குழந்தை விளையாடுவதற்கு. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மாடல் என்பது ஒரு குறிப்பிட்ட ரைஃபிளின் அளவு, வடிவம், மரம், திருகு, முத்திரை எல்லாவற்றையும் பார்த்துச் செய்த காட்சிப் பொருள். சுடாது, சுட வைக்கவும் முடியாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு பொருள்கள் உண்டு. என்.சி.சி.யில் தோளில் வைத்து டிரில் செய்வீர்களே, அந்த டி.பி. (டிரில் பர்ப்பஸ்) ரைஃபிள் மாடல் கிடையாது. உண்மையான ரைஃபிளைச் சுட முடியாமல் செய்து பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அது அரசாங்கச் சொத்து. அதேபோல வெளிநாடுகளில் குழலை அடைத்து, வெல்டிங் வைத்து விற்கும் ‘செயலிழக்கச் செய்த’ துப்பாக்கியும் பிறப்பால் நிஜத் துப்பாக்கிதான். இந்தக் கேள்வி பதிலில் மாடல் என்று சொல்வதெல்லாம் முதல் நாளிலிருந்தே காட்சிப் பொருளாகப் பிறந்தவற்றை மட்டும்.

இதை வெச்சுக்க லைசென்ஸ் வேணுமுங்களா?

ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்று சொல்வது, வெடிமருந்தாலோ வேறு விசையாலோ எதையாவது எய்வதற்கென்று செய்த பொருளை. ஆயுதம் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில், ‘பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, வேலை செய்யும் ஆயுதமாக மாற்ற முடியாத’ பொருள்களை விலக்கி வைத்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய பகுதி ‘மாற்ற முடியாத’ என்பதுதான். இன்றைக்குச் சுடவில்லை என்பது மட்டும் போதாது, நாளைக்கு ஒரு பட்டறையில் கொடுத்தாலும் சுட வைக்க முடியாததாக இருக்க வேண்டும். குழல் ஓட்டையில்லாத கெட்டிக் கம்பியாக, உள்ளே துப்பாக்கி இயக்கம் எதுவும் இல்லாமல் இருக்கிற மாடல்தான் நிம்மதி.

அதே சட்டம் போலித் துப்பாக்கியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சுடுமோ சுடாதோ, பார்வைக்குத் துப்பாக்கி போல இருக்கிற எதுவும் அதில் அடங்கும். அதை நிஜத் துப்பாக்கியாக உரிமம் இல்லாமல் மாற்றுவது 6-ஆம் பிரிவின்படி குற்றம். கைதைத் தடுக்க அதை எந்த விதத்தில் பயன்படுத்தினாலும் 28-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கீழே வருகிற பல கேள்விகளுக்கு இந்தப் பதில்தான் வேர், அதனால் இதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

ஏர் கன்னும் இதுவும் ஒண்ணுதானுங்களே?

இல்லை. ஏர் கன் நிஜமாகவே குண்டு எய்கிறது. 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளை இருந்தாலோ, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தாலோ அதற்கு உரிமம் வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் கடையில் அடையாள அட்டை காட்டித்தான் வாங்க வேண்டும். ராணுவ ரைஃபிள் வடிவத்தில் வரும் ஏர் கன்களைச் சேகரிப்பில் சேர்க்காதீர்கள் என்பது என் யோசனை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால், மாடலையும் அதே கண்ணோடு பார்ப்பார்கள்.

மொதல்ல எந்த ரைஃபிள்ல ஆரம்பிக்கலாமுங்க?

திரிநாட்திரிதான், அதாவது .303 லீ என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ரைஃபிள். ஏ.கே. 47-இல் ஆரம்பிக்க ஆசைப்படுபவர்கள்தான் அதிகம். 1947-இல் மிகைல் கலாஷ்னிகோவ் வடிவமைத்தது, உலகமே அறிந்த வடிவம், கடைகளிலும் அதுதான் முதலில் கிடைக்கும். ஆனால் நம் ஊர் மனிதர்கள் தோளில் சுமந்தது .303. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாரா நின்றவர் கையிலும், ஊர்க்காவல் படையிலும், என்.சி.சி. மைதானத்திலும் இருந்தது அதன் ஏதோ ஒரு வகைதான். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு .303 மாடலைக் காட்டினால் அவர்களே அரை மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

இன்னொரு காரணம் அதன் அமைப்பு. மரமும் இரும்பும் வெளியே தெரிகிற ரைஃபிள் அது. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் தண்டு), மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), பின் குறி (குறி பார்க்கும் அமைப்பு), முன் மூக்கு என்று ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கண்ணில் படும். இதை உற்றுப் பார்த்துப் பழகியவருக்கு அதற்குப் பிறகு நம் ராணுவத்துக்கு வந்த எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் ரைஃபிள்கள் எல்லாம் எங்கே மாறின என்று தானாகப் புரியும்.

நெசமான சைஸுல வாங்கறதா, சின்ன சைஸுல வாங்கறதா?

சின்னதுதான். இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு அளவுகளில் சேர்ப்பதுதான் நம் ஊருக்கு ஏற்றது. .303-இன் முதலாம் எண் மூன்றாம் மார்க் (No. 1 Mk III) என்ற வகை ரைஃபிள் சுமார் 113 சென்டிமீட்டர் நீளம். நான்கில் ஒரு பங்கில் அது 28 சென்டிமீட்டர், மூன்றில் ஒரு பங்கில் 38-க்குக் கொஞ்சம் குறைவு. இன்சாஸ் 96 சென்டிமீட்டர், நான்கில் ஒரு பங்கில் 24. ஒரு சாதாரண ஷோகேஸில் பத்துப் பன்னிரண்டு ரைஃபிளை வரிசையாக வைத்து, எது நீளம், எது குட்டை என்று ஒரே பார்வையில் ஒப்பிடலாம். எல்லாம் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விடாதீர்கள். நான்கில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.

முழு அளவு மாடலின் அழகு தனிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால், அவர் கண்ணுக்கு அது ரைஃபிள்தான். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. முழு அளவு வேண்டுமென்றால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரில் பிரேம் போட்டு, எந்த ரைஃபிள், எந்த வருடம், காட்சி மாடல் என்று பெயர்ப் பலகையோடு மாட்டி வையுங்கள். தெருவில் நிற்பவருக்கு ஜன்னல் வழியாகத் தெரியும் இடத்தில் வேண்டாம்.

.303-லயே பல வகை சொல்றாங்களே, எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

மூக்கைப் பாருங்கள். 1907-இல் வந்த முதலாம் எண் மூன்றாம் மார்க்கில் குழல் வெளியே தெரியாது. மரம் கடைசி வரை ஓடி, தட்டையான இரும்பு மூக்கில் முடியும், அதன் மேல் முன் குறிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரிக் காப்பு நிற்கும். பிறகு வந்த நான்காம் எண் (No. 4) ரைஃபிளில் மரத்தைத் தாண்டிக் குழல் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். பின் குறியும் இடம் மாறிக் கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பழைய போட்டோக்களில்கூட எந்த ரைஃபிள் என்று சொல்லிவிடலாம்.

வங்காளத்தில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த நம் நாட்டு வகைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. 1962 சீனப் போருக்குப் பிறகு அங்கே 2ஏ, 2ஏ1 என்று 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான ரைஃபிள்கள் வந்தன. வடிவம் முதலாம் எண் மாதிரியேதான், மேகசின் மட்டும் சதுரமாக, 12 தோட்டா பிடிப்பதாக இருக்கும். பழையதில் 10. பின் குறியில் 2000 வரை இருந்த தூர அளவை 2ஏ1-இல் 800 ஆகக் குறைத்தார்கள். இஷாப்பூர் ரைஃபிள்களில் முன் கட்டையைக் குறுக்காகத் துளைத்து ஒரு திருகு போயிருக்கும், மரம் பிளக்காமல் இருப்பதற்காக. கையெறி குண்டு ஏவுவதற்கு ஒதுக்கிய சில ரைஃபிள்களில் முன் கட்டையைச் சுற்றிச் செம்புக் கம்பி இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். மாடல் செய்தவருக்கு இந்தக் குறுக்குத் திருகு தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை விடாமல் வைத்திருந்தால் அவர் நிஜத்தைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

பழைய போலீஸ்காரர்கள் ‘மஸ்கட்’ என்று சொல்வது இன்னொரு வகை. இதே உருவத்தில், .410 அங்குல அளவில், உள்ளே வரிப்பள்ளம் (குண்டைச் சுழற்றிவிடும் வரிகள்) இல்லாத வழுவழுப்பான குழலோடு, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுவது. காவலுக்கும் சிறைக்கும் கொடுத்தது.

7.62 க்கு 51, 5.56 க்கு 45ங்கறாங்களே, அது என்ன கணக்குங்க?

முதல் எண் குழல் துளையின் குறுக்களவு, இரண்டாவது எண் பித்தளைக் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். எஸ்.எல்.ஆருக்கு 7.62 க்கு 51, இன்சாஸுக்கு 5.56 க்கு 45, ஏ.கே. 47-க்கு 7.62 க்கு 39. ஏ.கே.யும் எஸ்.எல்.ஆரும் இரண்டுமே 7.62 என்றாலும் ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது. மாடல் பார்க்கும்போது இது உதவும். குட்டையான, கூம்பிப் போகிற கூடு என்பதால்தான் ஏ.கே. மேகசின் அப்படி வளைந்திருக்கிறது. எஸ்.எல்.ஆர். மேகசின் ஏறக்குறைய நேராக இருக்கும். இன்சாஸ் மேகசின் தோட்டா எத்தனை மிச்சம் என்று தெரிகிற மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதைக் கறுப்பாக அடித்திருந்தால் செய்தவர் இன்சாஸைக் கவனித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தீரன் சின்னமலை காலத்துத் துப்பாக்கிக்கு மாடல் கிடைக்குமுங்களா?

இந்தக் கேள்வி ஆடிப் பெருக்கு சமயத்தில் சின்னமலையின் கோட்டை இருந்த ஓடாநிலைக்குப் போய்விட்டு வந்தவர்களிடமிருந்து வரும். சின்னமலை கும்பினியோடு (கிழக்கிந்தியக் கம்பெனி) மோதியது 1801-இலிருந்து, சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805-இல். அந்தக் காலத்தில் கும்பினிச் சிப்பாய் கையில் இருந்தது பிரவுன் பெஸ் என்ற சக்கிமுக்கித் துப்பாக்கி. இந்தியாவுக்கென்று வந்த வகையில் குழல் மட்டும் 39 அங்குலம், துளை முக்கால் அங்குலம். தென்னாட்டுப் பாளையங்களில் திரியை வைத்துச் சுடும் துப்பாக்கி பரவலாகப் புழங்கியது. ரைஃபிள் என்று சொல்ல முடியாது, குழலுக்குள் வரிப்பள்ளம் கிடையாது. ஆனாலும் ஒரு கொங்குச் சேகரிப்பின் வரிசை அங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரவுன் பெஸ் மாடல்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். முன்பக்கம் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் அமைப்பு எளிமையானது. அதனால் இரும்புக் குழலும் ஓட்டையும் உள்ள மாடல் என்றால், இரண்டாம் கேள்வியில் சொன்ன ‘மாற்ற முடியாத’ என்ற சோதனையில் தோற்றுவிடும். மரத்திலோ ரெசினிலோ கெட்டியாகச் செய்ததை மட்டும் வாங்குங்கள்.

நல்ல மாடல் எது, மட்டமான மாடல் எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

திருகில் ஆரம்பியுங்கள். 1907-ஆம் வருட ரைஃபிளில் ஒற்றைக் கோடு போட்ட திருகுதான் இருக்கும். நட்சத்திரத் தலைத் திருகு தெரிந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அடுத்தது விகிதம். கைப்பிடி, மேகசின், முன் கட்டை மூன்றின் நீளத்தையும் அளந்து, நிஜ அளவோடு வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் ஒரே விடை வர வேண்டும். விலை மலிவான மாடல்களில் குழல் தடித்தும் டிரிக்கர் வளையம் பெரிதாகவும் இருக்கும்.

முத்திரைகளைப் படியுங்கள். சுதந்திரத்துக்கு முந்தைய இஷாப்பூர் ரைஃபிளில் கிரீடமும் அரசரின் எழுத்துகளும் இருக்கும், பிறகு செய்தவற்றில் அசோகச் சிங்கம். சிங்கத்தூண் நம் சின்னமானது 1950 ஜனவரி 26-இல். 1943 என்று வருடம் போட்டுச் சிங்கம் பதித்த மாடல் என்றால் வரலாறு தெரியாமல் செய்தது.

உலோகத்தில், பெரும்பாலான காட்சி மாடல்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் இருக்கும் டெனிக்ஸ் இந்த வகையில் பெயர் பெற்ற நிறுவனம். இந்தக் கலவை மென்மையானது, வெடியின் அழுத்தத்தைத் தாங்காது, மாடலுக்கு அதுதான் நல்லது. வார்ப்பில் ஈயம் கலந்த மட்டமான துத்தநாகம் என்றால் வருடங்கள் போகப் போக உள்ளிருந்தே வெடித்து, பொரிந்து உதிரும். அதற்கு மருந்து கிடையாது. பழைய மாடலை வாங்கும்போது மெல்லிய விரிசலும் கொப்புளமும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெளிநாட்டுல இருந்து ஆர்டர் போட்டு வரவைக்கலாமுங்களா?

முழு அளவு மாடலை நான் வரவைக்க மாட்டேன். சுங்கத்துறைப் பட்டியலில் ஆயுதங்கள் 93-ஆம் அத்தியாயம், பொம்மைகள் 95-ஆம் அத்தியாயம். பார்சல் எதில் அடங்கும் என்று முடிவு செய்வது அங்கே இருக்கும் அதிகாரி, விற்றவர் பெட்டி மேல் எழுதிய வார்த்தை இல்லை. ஆயுத இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால், சந்தேகம் வந்தாலே பார்சல் நின்றுவிடும். போன பணம் போனதுதான்.

சின்ன அளவு பிளாஸ்டிக் கிட்டுகளில் இந்தச் சிக்கல் குறைவு. 35-இல் ஒரு பங்கு அளவில் டாமியா போன்ற ஜப்பான் நிறுவனங்களின் சிப்பாய் செட்டுகளில் ரைஃபிள்கள் தனியாகவே வரும். அவற்றை இங்கே இருக்கும் ஹாபி கடைகள் வழியாகவே வாங்கலாம். எதை வாங்கினாலும் பில் வேண்டும், பில்லில் ‘சுடாத காட்சி மாடல்’ என்று எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் சந்தையில் கைமாறும் பொருளைத் தொடவே வேண்டாம்.

நம்மூர்லதான் இத்தனை லேத் பட்டறை இருக்குதே, இங்கயே செஞ்சுக்கலாமுங்களா?

கோவையில் செய்ய முடியாத பாகம் இல்லை என்பது உண்மைதான். கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் ஃபவுண்டரிக்குப் பேட்டர்ன் செய்யும் மர வேலைக்காரர்களின் கை சுத்தம், எந்த வெளிநாட்டு மாடல் கம்பெனிக்கும் குறைந்ததில்லை. ஆனால் அந்தத் திறமையே இங்கே ஆபத்தும் ஆகலாம். இரும்புக் குழலைத் துளை போட்டுக் கொடுக்கச் சொல்லி எந்தப் பட்டறைக்கும் போகாதீர்கள், அதைச் செய்து கொடுப்பவரும் வழக்கில் மாட்டுவார். சின்ன அளவில், மரத்திலும் அலுமினியத்திலும், குழல் கெட்டிக் கம்பியாக இருக்கட்டும். உள் இயக்கம் எதுவும் வேண்டாம். 3டி பிரிண்டிலும் இதே விதி: வெளித்தோற்றத்தை மட்டும் அச்சிடுங்கள்.

உங்கள் ஷோகேஸுக்கு ஒன்று செய்துகொள்வது வேறு, செய்து விற்க ஆரம்பிப்பது வேறு. விற்பனை எண்ணம் வந்தால் முதலில் வக்கீல், பிறகு பட்டறை. இன்னொன்று, அசோகச் சிங்கத்தை மாடலில் பதிக்காதீர்கள். தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அந்த இடத்தில் வருடத்தையும் ரைஃபிள் வகையையும் மட்டும் பொறித்தால் போதும்.

இரும்புத் துண்டுகளுக்கு அந்தக் கருநீல நிறம் வேண்டுமென்றால் பிளாக்கோடைசிங் செய்யும் பிளேட்டிங் கடையில் கொடுக்கலாம். துத்தநாகக் கலவையை மட்டும் அங்கே கொடுத்துவிடாதீர்கள். காரக் கரைசல் அதை அரித்துவிடும். அதற்குப் பெயின்ட்தான்.

கட்டைக்கு என்ன மரம் போடலாமுங்க?

பிரிட்டிஷ் ரைஃபிள்களில் இருந்தது வால்நட். நம் பக்கத்தில் அதற்கு மிக நெருங்கி வருவது வாகை. மர வியாபாரத்திலேயே அதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்று பெயர் உண்டு. நடுவயிரத்தின் பழுப்பும் கருங்கோடுகளும் எண்ணெய் தேய்த்ததும் அப்படியே எழுந்து நிற்கும். மர மில்லில் பழைய வாகைக் கட்டையின் வெட்டுத் துண்டு கேட்டால் கிடைக்கும், மாடலுக்கு அது போதும். தேக்கு வேலைக்கு எளிது என்றாலும் நிறம் மஞ்சளடிக்கும். ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் தனிப் பாதுகாப்புச் சட்டமே இருந்தது, அந்த வம்பே வேண்டாம்.

வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்காதீர்கள். ராணுவ ரைஃபிளின் மரத்துக்கு ஆளி விதை எண்ணெய்தான் பூசினார்கள். மெல்லிய பூச்சாகத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்துப் பல தடவை செய்தால் மரத்துக்குள்ளிருந்து வருகிற மங்கலான மினுமினுப்பு கிடைக்கும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, துணி தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட்டு, தண்ணீரில் நனைத்து எறியுங்கள்.

மழைக்காலத்துல துருப்பிடிக்குதுங்களே?

ஐப்பசி, கார்த்திகையில் ஷோகேஸுக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். இரும்புப் பாகத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பருத்தித் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். திருப்பூர்க்காரர்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. கையால் தொட்ட பிறகு கட்டாயம் துடைக்க வேண்டும், விரல் வேர்வையின் உப்புதான் துருவுக்கு முதல் காரணம். மரத்தில் மாவு மாதிரிப் பொடி உதிர்ந்தால் உளுத்துப் போக ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, அந்த மாடலை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

கூடவே காலித் தோட்டாவும் பயனெட்டும் வெச்சா அழகா இருக்குமே?

காலித் தோட்டா வேண்டாம். சட்டத்தில் தோட்டா என்பதற்குள் தோட்டாவின் பாகங்களும் அடங்கும், சுட்டு முடித்த கூடு என்று வாதாடுகிற நிலைமைக்கு நாம் ஏன் போக வேண்டும்? கெட்டிப் பித்தளைக் கம்பியில் லேத்தில் கடைந்த டம்மி ஒன்று போதும். .303 தோட்டா முழு நீளம் 78 மில்லிமீட்டர். நடுவில் குறுக்காக ஒரு துளை போட்டுவிட்டால் டம்மி என்று தூரத்திலேயே தெரியும்.

பயனெட் என்பது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, 1907-ஆம் வருடப் பயனெட்டின் அலகு 17 அங்குலம். ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுகள் வருகின்றன, வாள், பயனெட் எல்லாம் அதில் சேர்த்தி. சின்ன அளவு மாடலில் மொட்டை அலகோடு வைத்துக்கொள்ளுங்கள். முழு அளவென்றால் உறையை மட்டும் மாட்டினாலே பார்வைக்கு நிறைவாக இருக்கும்.

ஆயுத பூஜைக்கு வெளிய எடுத்து வெக்கலாமுங்களா? கல்யாண போட்டோவுக்கு?

வீட்டுக்குள் பூஜைக்கு வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவதில் ஒரு தப்பும் இல்லை. குங்குமத்தை அன்றைக்கே துடைத்துவிடுங்கள், மரத்தில் கறை ஏறிவிடும். கடை வாசலிலோ தெருவிலோ வேண்டாம்.

கல்யாண போட்டோ, ரீல்ஸ் இரண்டுக்கும் என் பதில் கூடாது என்பதுதான். படத்தைப் பார்க்கிறவருக்கு மாடல் எது, நிஜம் எது என்று தெரியாது. போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். முன் நுனியில் ஆரஞ்சு வண்ணம் அடித்திருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது அமெரிக்காவில் 1988-இல் வந்த சட்டத்துக்காக அடிப்பது, நம் ஊர் போலீஸுக்கு அது அனுமதிச் சீட்டு கிடையாது. மனிதர்களை நோக்கி மாடலை நீட்டுவதை விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். என்.சி.சி.யில் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதே அதுதான்.

கோயமுத்தூர்ல வாங்கிட்டுச் சேலத்துக்கு எப்படிங்க கொண்டுபோறது?

பெட்டிக்குள், துணி சுற்றி, பில்லோடு, கார் டிக்கியில். பஸ்ஸில் முழு அளவு மாடல் வேண்டாம். விமானத்தில் கைப்பையில் துப்பாக்கி வடிவ எதையும், பொம்மையாக இருந்தாலும், விட மாட்டார்கள். மேலே சொன்ன பித்தளை டம்மியையும் பையில் மறந்து வைத்துவிடாதீர்கள். ஸ்கேனரில் அது தோட்டாவாகத்தான் தெரியும்.

எலெக்‌ஷன் வந்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்களே, இதையுமா?

அந்த உத்தரவு உரிமம் உள்ள துப்பாக்கிகளுக்கு. உரிமமே தேவைப்படாத காட்சி மாடலுக்கு ஒப்படைக்க எதுவும் இல்லை. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று 2019-இல் கொண்டுவந்த வரம்பும் மாடலுக்குப் பொருந்தாது. ஆனால் தேர்தல் முடிகிறவரை மாடல் எதையும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள். பறக்கும் படை நடு ரோட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னால், அவர்களுக்கும் நேரம் வீண், உங்களுக்கும் வீண்.

எங்க அப்பாரு காலத்து நாட்டுத் துப்பாக்கி பரண்ல கெடக்குது. துரு ஏறிச் சுடாதுங்க. அதையும் மாடலா வெச்சுக்கலாமுங்களா?

கூடாது. இது மாடல் கிடையாது, துப்பாக்கி. அந்தியூர், பர்கூர், சத்தியமங்கலம், கொல்லிமலை பக்கமிருந்து இந்தக் கேள்வி அதிகம் வரும். துரு ஏறியதாலோ குதிரை உடைந்ததாலோ அது காட்சிப் பொருள் ஆகிவிடாது. பழமைக்காக மட்டும் மதிப்புள்ள, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறதுதான். ஆனால் உங்கள் வீட்டுத் துப்பாக்கி அப்படிப்பட்டதா என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள முடியாது. உரிமமில்லாத துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

அதைத் துடைக்க வேண்டாம், பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம், போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். வக்கீல் ஒருவரைப் பார்த்து, அவர் மூலமாகப் போலீஸ் ஸ்டேஷனில் தெரிவித்து ஒப்படைப்பதுதான் வழி. கள்ளத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி மலைக் கிராமங்களில் போலீஸ் அவ்வப்போது அறிவிப்புக் கொடுக்கும், அந்தச் சமயத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்பாருவின் ஞாபகத்துக்கு அதே மாதிரியில் மரத்தில் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெசமான ரைஃபிள எங்க போயிப் பார்க்கறதுங்க?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களுக்கென்று தனிக் கூடம் இருக்கிறது, கோட்டை அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். நம் பக்கத்தில் சுலபமான வழி குடியரசு தினமும் சுதந்திர தினமும்தான். அணிவகுப்பில் ஆயுதப்படைக் காவலர்கள் தோளில் என்ன வருகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். ரைஃபிளின் எடை எங்கே விழுகிறது, கை எங்கே பிடிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் புரியும். பாதுகாப்புப் பணியில் நிற்கும் காவலரிடம் போய்த் துப்பாக்கியைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.

நான் சேர்த்ததை ஒரு நாள் விக்கணும்னா?

தெரிந்த சேகரிப்பாளருக்கு மட்டும் விற்றுவிடுங்கள். முன்பின் தெரியாதவருக்கு வேண்டாம், 18 வயது நிரம்பாதவருக்கு எந்த விலைக்கும் வேண்டாம். வாங்குபவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வைத்து, தேதி போட்டு, பொருளின் போட்டோவோடு ஒரு ரசீது எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உங்களிடம் இருக்கும் பழைய பில்லையும் கூடவே கொடுத்துவிடுங்கள், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

இதற்காகவே ஒரு நோட்டு போட்டு வைப்பது நல்லது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பக்கம்: எந்த ரைஃபிள், என்ன அளவு, எதில் செய்தது, யாரிடம் எப்போது வாங்கியது, குழல் கெட்டி என்று தெரிகிற மாதிரி முன்பக்கமிருந்து எடுத்த ஒரு போட்டோ. வீட்டில் இன்னொருவருக்கும் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது யாராவது வந்து கேட்டால் அவர்கள் எடுத்துக் காட்டலாம்.